காலி அறை, திரும்பாத சாவி: பைத்தான் தன் மெமரி லீக்கை அடைத்த கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்றைய எபிசோடை ஒரு புகாரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2016-ஆம் வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. எங்கள் டீம் ஒரு சின்ன சர்வீஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டால் ரிப்போர்ட் தயார் செய்து கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பைத்தான் 2.7-ல் எழுதியது. ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். காலையில் 300 எம்பி, ராத்திரி 3 ஜிபி. இறங்கவே இறங்காது.

இதற்கு டீமில் ஒரு கை வைத்தியம் இருந்தது. தினமும் விடியற்காலை 3 மணிக்கு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணிவிடும் ஒரு கிரான் ஜாப். "மூணு மணிக்கு யாருப்பா ரிப்போர்ட் எடுக்கப் போறாங்க?" என்பார் எங்கள் சீனியர்.

எடுத்தார்கள். ஒருநாள் சப்போர்ட் டிக்கெட் வந்தது. நைட் ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார். தினமும் மூன்று மணிக்குப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது, தன் நெட்டில்தான் கோளாறு என்று நினைத்து ரூட்டரைக்கூட மாற்றிவிட்டாராம். அந்த டிக்கெட்டை என் பெயரில் போட்டார்கள்.

லீக்கைத் தேடிக் கிளம்பினேன். தேடித் தேடிக் கடைசியில் போய் நின்ற இடம், 1960-ஆம் ஆண்டு.

லாட்ஜும் சாவியும்

முதலில் மெமரி லீக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கோடு எழுதாதவங்களும் பயப்படாம கேளுங்க, இதுக்கு ஒரு லாட்ஜ் போதும்.

கம்ப்யூட்டரின் மெமரி ஒரு பெரிய லாட்ஜ். உங்கள் புரோகிராம் ஒரு பெயரையோ பட்டியலையோ உருவாக்கும்போதெல்லாம் அதற்கு ஓர் அறை கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அறையைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்க மறந்தால்? அறையில் ஆள் இல்லை, ஆனால் ரிசப்ஷன் நோட்டில் 'ஆள் இருக்கிறார்' என்றே இருக்கும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மொத்த லாட்ஜும் நிரம்பிவிடும். அதுதான் லீக்.

சி மொழியில் எழுதினால், அறையைக் காலி செய்வது உங்கள் பொறுப்பு. பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் அந்தப் பொறுப்பை ரன்டைம் எடுத்துக்கொள்கிறது. ரன்டைம் என்றால், நீங்கள் எழுதின கோடுக்கு அடியில் நின்று அதை ஓட்டும் இயந்திரம். நம்ம லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர்.

அவருக்கு இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த அறை இனி யாருக்காவது தேவையா?

இரண்டு பதில்கள், ஒரே வருஷம்

எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி 1950-களின் கடைசியில் லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கினார். ஐபிஎம் 704 கணினி. 1960 ஏப்ரலில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் வந்த அவருடைய கட்டுரைப்படி, லிஸ்ப் ஆரம்பிக்கும்போது கையில் இருக்கும் காலி இடம் சுமார் 15,000 ரெஜிஸ்டர். இன்னைக்கு நம்ம போனில் ஒரு சின்ன போட்டோவுக்கே பத்தாத இடம்.

அவர் கண்ட வழி இது. அறைகள் தீரும் வரை எதுவும் செய்யாதே. தீர்ந்ததும் வேலையை நிறுத்து. வெளியே சாவியோடு நடமாடும் ஆட்களிடம் இருந்து தொடங்கு. அவர்கள் சாவியால் திறக்கும் அறைக்குள் போ. அங்கே வேறு அறைகளின் சாவி கிடந்தால் அந்த அறைகளுக்கும் போ. போன அறையிலெல்லாம் ஒரு குறி போட்டுக்கொண்டே வா. கடைசியில் குறி இல்லாத அறை எல்லாம் காலி.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் கார்பேஜ் கலெக்‌ஷன், குப்பை அள்ளுவது. ஆனால் அந்தக் கட்டுரையில் இந்தப் பெயரே வராது. ஆய்வுக் கட்டுரையில் குப்பை என்று எழுதத் தனக்குத் துணிச்சல் வராமல் போயிருக்கலாம் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. அள்ள ஆரம்பித்தால் மற்ற எல்லா வேலையும் நிற்கும். சில நொடிகள் ஆகும் என்று கட்டுரையே சொல்கிறது. மெக்கார்த்தி இதை மேடையிலேயே அனுபவித்தார். தொழில் துறை விருந்தினர்களுக்கு முன் லிஸ்பை ஓட்டிக் காட்டுகிறார். நடுவில் மெமரி தீர்ந்து கார்பேஜ் கலெக்டர் கிளம்பிவிட்டது. கிளம்பினது மட்டுமா? நான் வந்துவிட்டேன், இதோ சில சுவாரசியமான புள்ளிவிவரங்கள் என்று நீளமாக அச்சடிக்கவும் ஆரம்பித்தது. நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில்! அதிலேயே நேரம் முடிந்து போனது. பார்த்தவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

அதே 1960, அதே இதழ், டிசம்பர் மாதம். ஜார்ஜ் காலின்ஸ் வேறு வழி சொன்னார். ஒவ்வொரு அறைக்கும் எத்தனை சாவி வெளியே போயிருக்கிறது என்று ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள். சாவி கொடுத்தால் ஒன்று கூட்டு, திரும்ப வந்தால் ஒன்று கழி. பூஜ்யம் ஆன உடனே அறை காலி. லாட்ஜை நிறுத்த வேண்டாம், அறை அறையாகச் சுற்ற வேண்டாம். இதற்குப் பெயர் ரெஃபரன்ஸ் கவுண்டிங்.

கேட்க எவ்வளவு அழகா இருக்கு இல்ல? மூன்று வருஷம் கூடத் தாங்கவில்லை. 1963 செப்டம்பரில் மெக்பெத் என்பவர் அதே இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டியல் வட்டமாகத் திரும்பித் தன்னையே தொட்டால் இந்தக் கணக்கு வேலை செய்யாது என்பதுதான் விஷயம்.

லாட்ஜுக்கே வாங்க. 12-ஆம் அறைக்குள் 13-ஆம் அறையின் சாவி கிடக்கிறது. 13-க்குள் 12-இன் சாவி கிடக்கிறது. ஆட்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ரிசப்ஷன் நோட்டில் இரண்டு அறைக்கும் 'வெளியே ஒரு சாவி' என்று இருக்கிறது. பூஜ்யம் ஆகாது. எந்தக் காலத்திலும் ஆகாது.

எம்ஐடி ஆட்களிடம் இதைப் பற்றி ஒரு ஜோக் உண்டு. மாணவன் ஒருவன் டேவிட் மூன் என்ற லிஸ்ப் நிபுணரிடம் வருகிறான். நல்ல கார்பேஜ் கலெக்டருக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன், ஒவ்வொன்றுக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை வைக்கலாம் என்கிறான். மூன் பொறுமையாக ஒரு கதை சொல்கிறார். ஒரு நாள் ஒரு மாணவன் மூனிடம் வந்து, நல்ல கார்பேஜ் கலெக்டருக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றான்... அந்தக் கதை முடியவே முடியாது. வட்டம்!

தெரிந்தே எடுத்த முடிவு

1989 டிசம்பர், ஆம்ஸ்டர்டாம். சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராசம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பொழுதுபோக்காக ஒரு மொழி எழுத ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் பைத்தான் வெளியே வந்தது. அது எடுத்துக்கொண்டது ரெஃபரன்ஸ் கவுண்டிங்கை. வட்டத்தில் சிக்கினால் லீக் ஆகும் என்பது உலகுக்குத் தெரிந்து அப்போதே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்புறம் ஏன்? காரணம் இருக்கு. பைத்தானின் பலமே சி மொழியில் எழுதின பழைய லைப்ரரிகளோடு சுலபமாகச் சேர்ந்துகொள்வது. மெக்கார்த்தியின் வழிக்கு, வெளியே யார் யாரிடம் சாவி இருக்கிறது என்ற முழுப் பட்டியல் வேண்டும். சி கோடு தன் பாக்கெட்டில் எந்தச் சாவியை வைத்திருக்கிறது என்று பைத்தானுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எண்ணிக்கை வைப்பதற்கோ அந்தப் பட்டியல் தேவையே இல்லை. வட்டம் வந்தால் புரோகிராம் எழுதுபவரே பார்த்து அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

சின்ன ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தால் மெமரி எல்லாம் தானாகத் திரும்பிவிடும். அதனால் வலி தெரியவில்லை. 90-களின் பின்பாதியில் பைத்தான் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஓடும் சர்வர்களுக்குள் போனது. அப்போதுதான் வலித்தது.

கழித்தலில் ஒரு வழி

தீர்வு 2000-இல் வந்தது. பலர் கைவைத்த வேலை இது. டோபி கெல்சி என்பவர் முன்பே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார். இப்போது இருக்கும் வழிக்கான யோசனையைச் சொன்னவர் எரிக் டீடமன். அமெரிக்காவில் கைடோ அப்போது வேலை பார்த்த சிஎன்ஆர்ஐ நிறுவனத்துக்கு வந்திருந்தபோது சொன்னது. கைடோ ஒரு விதமாகவும் நீல் ஷெமனாவர் ஒரு விதமாகவும் எழுதிப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து முடித்தவர் நீல்.

அந்த யோசனை இருக்கே, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த எபிசோடே அதுக்காகத்தான்னு சொல்லலாம்.

வெளியே யாரிடம் சாவி இருக்கிறது என்று தெரியாது. சரி. ஆனால் லாட்ஜுக்குள் இருக்கும் எல்லா அறையையும் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது அல்லவா? அப்படியானால் உள்ளே கிடக்கும் சாவிகளை எண்ணிவிடலாம்.

12-ஆம் அறைக்கு நோட்டுப்படி 3 சாவி கொடுத்திருக்கிறோம். மற்ற அறைகளுக்குள் தேடினால் 12-இன் சாவி 2 கிடைக்கிறது. மூன்றில் இரண்டு போனால் ஒன்று. அந்த ஒன்று வெளியே யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. யார் என்று தெரிய வேண்டியதே இல்லை! அறை உயிரோடு இருக்கிறது. அந்த அறைக்குள் கிடக்கும் சாவிகளுக்கு உரிய அறைகளும் உயிரோடு இருக்கின்றன.

20-ஆம் அறைக்கு 2 சாவி கொடுத்தோம், இரண்டுமே மற்ற அறைகளுக்குள் கிடைத்துவிட்டன. மிச்சம் பூஜ்யம். உயிருள்ள எந்த அறையில் இருந்தும் இதற்கு வழி வரவில்லை என்றால், இது ஆளில்லாத வட்டம். காலி செய்.

ஒரு சாதாரண கழித்தல் கணக்கு. பழைய ரெஃபரன்ஸ் கவுண்டிங்கைத் தூக்கி எறியவில்லை, சி லைப்ரரிகளை மாற்றி எழுதச் சொல்லவில்லை. வட்டம் உருவாகச் சாத்தியம் உள்ள ஆப்ஜெக்ட்களை மட்டும், அதாவது லிஸ்ட், டிக்‌ஷனரி மாதிரி இன்னொன்றைத் தனக்குள் வைத்துக்கொள்பவற்றை மட்டும், அவ்வப்போது சோதித்தால் போதும். எண்ணையும் எழுத்தையும் தொட வேண்டாம், அவற்றுக்குள் யார் சாவியும் இருக்காது. 2000 அக்டோபர் 16-இல் பைத்தான் 2.0 இந்த வசதியோடு வந்தது. மெக்பெத் கடிதம் எழுதி 37 வருஷம்.

கடைசி ஆசை

அப்படின்னா 2016-ல என் சர்வீஸ் ஏன் லீக் ஆச்சு? இங்கதான் கதை கொஞ்சம் என் பக்கம் திரும்புது.

பைத்தானில் டெல் என்று ஒரு ஸ்பெஷல் மெத்தட் எழுதலாம். ஆப்ஜெக்ட் அழியும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை. திறந்து வைத்த ஃபைலை மூடு, தற்காலிக ஃபைலை அழி, இப்படி.

வட்டத்தில் இருக்கும் இரண்டு பேருக்குமே கடைசி வேலை இருந்தால்? 12-ஆம் அறைக் கதவில் ஒரு சீட்டு: 'காலி பண்ணும் முன் 13-இல் இருக்கும் ஃபைலை எடுத்துச் சரிபார்க்கவும்.' 13-ஆம் அறைக் கதவிலும் அதே மாதிரி 12-ஐப் பற்றி ஒரு சீட்டு. எதை முதலில் காலி செய்தாலும் இன்னொன்றின் வேலை கெடும். பைத்தான் 2.0 இதில் ஊகிக்க மறுத்தது. வட்டத்துக்குள் டெல் இருக்கும் ஓர் ஆப்ஜெக்ட் இருந்தாலே போதும், அதைத் தொடாது. கார்பேஜ் என்று பெயர் வைத்த ஒரு லிஸ்டில் போட்டுவிட்டு, எழுதியவரே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள்.

நான் பார்த்தேன். சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லிஸ்டின் நீளத்தை அச்சடிக்கச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் வந்தது. எல்லாமே ரிப்போர்ட் ஆப்ஜெக்ட்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு ரிப்போர்ட்டுக்குள் அதன் பக்கங்களின் லிஸ்ட் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திடமும் தன் ரிப்போர்ட் எது என்று ஒரு ரெஃபரன்ஸ் இருக்கும், தலைப்பு எழுத வேண்டுமே. அது ஒரு வட்டம். அந்த வட்டத்தை மட்டும் விட்டிருந்தால் பைத்தான் அழகாக அள்ளியிருக்கும். ஆனால் ரிப்போர்ட் கிளாஸில் யாரோ மூன்று வரியில் ஒரு டெல் மெத்தட் எழுதியிருந்தார்கள், தற்காலிக ஃபைலை அழிப்பதற்கு. யார் என்று ஹிஸ்டரியில் தேடினேன்.

என் பெயர்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், 'சுத்தமாக இருக்கட்டும்' என்று நானே சேர்த்தது. குப்பையை அள்ளுவதற்காக நான் எழுதின மூன்று வரிதான் குப்பையை அள்ளவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மெமரி ஏறவே இல்லை. நான் சேர்ந்த பிறகு வந்த கிரான் ஜாப் அது. எல்லோரையும் போல நானும் அது காலம் காலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கேளுங்க. இந்தக் குறையை பைத்தான் ஏற்கனவே சரி செய்திருந்தது. ஆண்ட்வான் பித்ரு என்பவர் எழுதின பெப் 442 என்ற முன்மொழிவு, 2014 மார்ச்சில் வந்த 3.4-இல் சேர்ந்தது. வழி என்ன தெரியுமா? எந்த அறையையும் காலி செய்யும் முன், எல்லாச் சீட்டுகளிலும் எழுதின வேலையை முதலில் முடித்துவிடு. அப்போது எல்லா அறையும் முழுசாக இருக்கும், யார் வேலையும் கெடாது. அதற்குள் யாராவது ஒரு சாவியை வெளியே கொண்டுபோய்விட்டார்களா என்று இன்னொரு தடவை கழித்துப் பார். இல்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் காலி செய். 2.0-இல் விட்ட கேள்விக்குப் பதில் வர 13 வருஷத்துக்கு மேல் ஆனது. நாங்கள் இன்னும் 2.7-இலேயே உட்கார்ந்திருந்தோம்.

குப்பை லாரியை நிறுத்தியவர்கள்

அடைத்தாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்ல. 2017 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பொறியாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தங்கள் சர்வர்களில் பைத்தானின் கார்பேஜ் கலெக்டரையே அணைத்துவிட்டார்களாம். அதனால் 10 சதவீதம் கூடுதல் திறன் கிடைத்ததாம்.

அவர்கள் ஒரு தாய் புரோசஸை ஓடவிட்டு அதிலிருந்து பல பிள்ளை புரோசஸ்களைப் பிரிப்பார்கள். யாரும் எழுதாத வரை எல்லோரும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளலாம். எழுதினால் அந்தப் பக்கத்துக்குத் தனி நகல் வேண்டும். பைத்தான் கலெக்டரோ தன் கணக்கை ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலையிலேயே எழுதுகிறது. அதாவது, சும்மா சுற்றிப் பார்த்தாலே எல்லாப் பக்கமும் நகலாகிவிடும். குப்பை இருக்கிறதா என்று தேடுவதே இடத்தைத் தின்றது.

அணைத்தார்கள். ஆனால் வட்டங்கள் எங்கேயும் போகவில்லையே? கோடு வளர வளர லீக் திரும்பி வந்தது. அதே வருஷக் கடைசியில் கலெக்டரைத் திரும்ப ஓடவிட்டார்கள், ஒரு மாற்றத்தோடு. பிள்ளைகள் பிரியும் முன் இருக்கும் ஆப்ஜெக்ட்களை 'இவற்றைத் தொடாதே' என்று ஒதுக்கி வைக்கும் ஃப்ரீஸ் என்ற வசதி. அது 2018 ஜூனில் பைத்தான் 3.7-இலேயே எல்லோருக்கும் வந்தது.

எல்லா மொழியும் இதே முடிவை எடுக்கவில்லை. பிஎச்பி 2009-இல், 5.3 பதிப்பில்தான் வட்டங்களை அள்ளக் கற்றுக்கொண்டது. ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் இன்றுவரை அள்ளுவதில்லை. எந்த ரெஃபரன்ஸ் வலுவானது, எது வீக் என்று எழுதுபவரே சொல்ல வேண்டும். நீங்க ஆப் எழுதுறவங்கன்னா, அந்த வீக் என்ற சொல் ஏன் அங்க இருக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும். மெக்பெத் கடிதத்தின் பதிலை அங்கே உங்களையே எழுதச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிஞ்சினது ஒன்றுதான். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. யாருக்காவது தேவைப்படுகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், அதனால் அதையே இரண்டாவதுக்கும் பதிலாக வைத்துக்கொள்கிறோம். அது தப்பாகும் இடத்தில் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பைத்தான் அதைப் புரோகிராம் எழுதுபவர் மேல் போட்டது. நாங்கள் அதை மூன்று மணிக்கு விழித்திருந்த ஒருவர் மேல் போட்டோம்.

சரி, டிக்கெட் என்ன ஆச்சு? பக்கத்தில் இருந்து ரிப்போர்ட்டுக்குப் போகும் ரெஃபரன்ஸை வீக் ரெஃபரன்ஸாக மாற்றினேன். 2001-இல் இருந்தே பைத்தானில் இருக்கும் வசதி. சாவி என்று கணக்கில் வராது, அறை எண்ணை எழுதி வைத்த துண்டுச் சீட்டு மாதிரி. வட்டம் அறுந்தது. மொத்தம் இரண்டு வரி மாற்றம். ஒரு வாரம் மெமரி கிராஃபைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும். அப்புறம் கிரான் ஜாபை எடுத்தேன்.

டிக்கெட்டை மூடும் முன் அவருக்கு ஒரு பதில் எழுதினேன். உங்கள் நெட்டில் எந்தக் கோளாறும் இல்லை, தப்பு எங்களுடையது, இனி மூன்று மணிக்கும் திறக்கும் என்று. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. 'திறந்தது. நன்றி.' அனுப்பிய நேரம் 3:04.

உங்க டீம்லயும் இப்படி ஒரு ராத்திரி ரீஸ்டார்ட் ஓடிக்கிட்டிருக்கா? அதை முதலில் போட்டது யார், எதுக்காகன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. என்னை மாதிரி உங்க பேரே வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.